கழிவு இல்லாத தராசு

அந்தத் தராசு தரையோடு தரையாக ஒரு கறுப்புப் பலகை மாதிரிக் கிடந்தது. எதிர்ச் சுவரில் ஒரு சின்னச் சட்டம், அதில் சிவப்பு எண்கள். அந்தப் பிள்ளை அதன் மேல் ஏறி நின்றதும் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்க பாருங்க டீச்சர்” என்றாள். நான் பார்த்தேன். நாற்பத்தைந்து புள்ளி ஆறு. நான் கணித ஆசிரியை. முப்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தசமக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். புள்ளிக்குப் பிறகு வரும் ஒற்றை இலக்கத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

கணித ஆசிரியைக்குப் பளுதூக்கும் போட்டியில் என்ன வேலை என்று கேட்கலாம். பெண் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூடவே ஓர் ஆசிரியையும் போக வேண்டும் என்பது சட்டம். மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் கைக்குழந்தைகள் இருந்தன. எங்கள் பாடசாலை அதிபர் என் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு விளையாட்டைப் பற்றி அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதற்கு மேல் எந்தத் தகுதியும் எனக்கில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த மாதிரிச் சாட்சி.

எங்கள் பாடசாலை வட்டகொடைப் பக்கம், ரயில் பாதைக்கு மேலே இருக்கிறது. அந்தப் பிள்ளை அதற்கும் மேலே, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்து நடந்து வருவாள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். பதினான்கு வயதில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பறித்து வைத்த கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு மடுவம் வரைக்கும் ஏறுவாள். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அவள் ஏறுவதை எங்கள் விளையாட்டு மாஸ்டர் ஒருநாள் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். அந்த மேட்டில் நின்று, இந்தப் பிள்ளை மூச்சு வாங்காமல் போகிறதே என்று தனக்குத் தானே சொன்னாராம். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார்.

மாஸ்டர் கொட்டகலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். அவரைக் கெட்டவராக்கி இந்தக் குறிப்பை எழுதுவது சுலபம். ஆனால் அது உண்மையில்லை. பாடசாலையில் ஒரு நல்ல இரும்புத் தடிகூட இல்லாத காலத்தில், பழைய லொறி அச்சில் சீமெந்து உருண்டை கட்டிப் பிள்ளைகளைப் பழக்கினார். அவர் சொன்னதும் ஒரே விடயம்தான். அகில இலங்கைப் போட்டியில் தொடர்ந்து ஜெயித்தால் ஏதாவது ஒரு திணைக்களத்தின் குழுவில் எடுத்துக்கொள்வார்கள், அது அரசாங்க வேலை. அம்மாவுக்கு அதில் பாதிதான் விளங்கியது, ஆனால் அந்தப் பாதி போதும். “எம் புள்ள கூடை தூக்கக் கூடாதுங்க டீச்சர். வேற எதை வேணும்னாலும் தூக்கட்டும்” என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பளுதூக்குவதில் எடைக்கு எடை பிரிவு உண்டு. நாற்பத்தைந்து கிலோப் பிரிவு என்றால் நிற்கிறவரின் எடை நாற்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பிள்ளையின் எடை உண்மையில் நாற்பத்தெட்டு. அவளது பிரிவில் நின்றால் நான்காவதோ ஐந்தாவதோ வருவாள். ஒரு பிரிவு கீழே இறங்கினால் மெடல் நிச்சயம். இந்தக் கணக்கை மாஸ்டர் என் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான், நான் ஒன்றும் பிழை கண்டுபிடிக்கவில்லை. மூன்று கிலோ என்பது கரும்பலகையில் ஒரு சின்ன எண்.

அந்த மூன்று கிலோவும் வகுப்பில் என் கண் முன்னால்தான் போனது. அவள் இடைவேளையில் தன் பணிஸைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அது தின்று முடியும் வரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசித் துண்டு உள்ளே போனதும் தலையைக் குனிந்து கணக்குச் செய்யத் தொடங்குவாள். பின்னேரங்களில் அம்மாவின் படங்கைச் சுற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவாள். பனியிலும் மழையிலும் தேயிலைச் செடியின் ஈரம் ஏறாமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த சீலைதான் படங்கு. அதைக் கழுத்து வரை சுற்றிக் கயிறு கட்டினால் எங்கள் ஊர்க் குளிரிலும் வியர்த்துக் கொட்டும். லயத்துப் பெண்கள் அதைப் பார்த்து, கொழுந்து எடுக்கப் போகாமலே படங்கு கட்டுகிற முதல் ஆள் நீதான் என்று கேலி பண்ணினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போட்டிக்கு முதல் நாள் காலை ரயிலில் கொழும்புக்குப் போனோம். மாஸ்டர், ஐந்து பையன்கள், அந்தப் பிள்ளை, அவள் அம்மா, நான். அம்மா இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களை ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்க வைத்தார்கள். தரையில் விரித்துப் படுக்க அம்மா அந்தப் படங்கையே மடித்துக் கொண்டுவந்திருந்தார். ரயிலேறும் முன் பாடசாலைத் தராசில் நிறுத்தபோது நாற்பத்தைந்து புள்ளி நான்கு. விடியும்போது சரியாகிவிடும், ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று இரவே சொல்லிவிட்டு, போட்டியன்று மாஸ்டர் காலையிலேயே பையன்களோடு மண்டபத்துக்குப் போய்விட்டார்.

இனி நடந்தது எங்கள் இருவரின் பிழை, அம்மாவுடையதும் என்னுடையதும். அதைச் சொல்ல எங்கள் ஊர்த் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தராசு என்றால் கழிவு உண்டு. கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார், இலையில் உள்ள தண்ணீருக்கு என்று கொஞ்சம் கழிப்பார். வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழிப்பார். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். முள் இருபதில் நின்றால் பதினேழு என்று கூப்பிடுவார்கள், அதுதான் எடை. முள் காட்டுவதே எடை என்று எந்தத் தராசும் எங்கள் வாழ்க்கையில் சொன்னதில்லை. சிறுவயதில் அது எனக்கு வானம் பூமி மாதிரி ஒரு நிரந்தர விதி. நான் கணிதம் படித்ததே அந்தக் கழிவைக் கண்டுபிடிக்கத்தான் என்று என் அம்மா பிறகு கேலி பண்ணுவார்.

வகுப்பறை வாங்கில் அந்தப் பிள்ளை சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவள் அம்மா பையிலிருந்து தேங்காய் ரொட்டியை எடுத்தார். மாஸ்டர் வேண்டாம் என்றாரே என்றேன். “ரெண்டு நாளாப் பச்சத் தண்ணி பல்லுல படலைங்க. உடுப்புக்குக் கழிப்பாங்கதானே டீச்சர்? தராசுன்னா கழிவு இல்லாமயா?” என்றார். இப்போது எழுதும்போது நம்ப முடியவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆமாம், உடுப்புக்கு அரைக் கிலோவாவது கழிக்காமலா இருப்பார்கள் என்று நானும் நினைத்தேன். நான் தலையாட்டினேன். ஒரு டீச்சர் தலையாட்டினால் லயத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பிள்ளை இரண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு விரல்களை நக்கினாள். அம்மா அவள் தலையை இழுத்து வாரி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டார்.

எடை பார்க்கும் அறைக்குள் பெண் பிள்ளைகளோடு பெண்கள்தான் போகலாம், அதனால் நான் போனேன். நாற்பத்தைந்து புள்ளி ஆறு. நான் நிம்மதியாகவே இருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தரிடம், உடுப்புக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏளனம் இல்லை, விளங்கவில்லை அவருக்கு. இங்கே எதற்கும் கழிக்க மாட்டோம் மிஸ், தராசு காட்டுவதுதான் எடை என்றார். இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, அதற்குள் எத்தனை தடவையும் வந்து நிறுக்கலாம், அதற்குப் பிறகு பெயரை வெட்டிவிடுவோம் என்றும் மரியாதையாகச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நேர்மையான தராசைப் பார்த்தேன். அது எங்களைக் கவிழ்த்துவிட்டது.

மாஸ்டர் கத்தவில்லை. விடயத்தைக் கேட்டார், அம்மாவின் பையைப் பிரித்தார், படங்கை எடுத்தார். மண்டபத்துக்குப் பின்னால் வாகனங்கள் நிறுத்தும் இடம். தாரில் வெயில் கொதித்தது. அவள் படங்கைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். இருபது நிமிடம் ஓடியதும் வந்து நிறுத்தோம், புள்ளி மூன்று. மறுபடி ஓடினாள். கையில் ஒரு யோகட் கோப்பையைக் கொடுத்து, எச்சிலை விழுங்காமல் அதில் துப்பச் சொன்னார் மாஸ்டர். எங்களைப் போலவே அந்த வெயிலில் இன்னும் மூன்று நான்கு பாடசாலைகளின் பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் யாரும் பார்க்கவில்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்து, நாந்தான் நாந்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நானும்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எட்டு நிமிடம் மிச்சம் இருந்தபோது புள்ளி ஒன்று. அவளால் இனி ஓட முடியாது. அறைக்குள் உத்தியோகத்தரை விட்டால் நாங்கள் இருவரும்தான், கழற்றக் கூடிய உடுப்பெல்லாம் கழற்றியாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு இரண்டு பின்னலையும் கையில் தூக்கிக் காட்டினாள். பேசுவதற்கு வாயில் ஈரம் இல்லை. முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலை அந்த உத்தியோகத்தர் நீட்டினார். அது பஞ்சு வெட்டும் கத்தரிக்கோல், கூர் இல்லை. நான் அறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தராசு நாற்பத்தைந்துக்குச் சரியாக வந்து நின்றது. இரண்டு பின்னலையும் ரிப்பனோடு என் கைப்பைக்குள் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

அவள் ஜெயித்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரும் குளுக்கோஸும் கொடுத்து இரண்டு மணி நேரம் படுக்க வைத்தோம். பிறகு எழுந்து போய்த் தன் எடையை விடக் கூடுதலான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி, நடுங்காமல் நின்றாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன், அழுதேன். மேடைக்குப் பின்னால் ஒரு சத்துப்பானத்தின் பெரிய விளம்பரப் பலகை இருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்த பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஸ்டேஷனில் இருந்து லயம் வரைக்கும் தப்படித்து, மாலை போட்டுக் கூட்டிப் போனார்கள். வெட்டின தலையைப் பார்த்த பெண்கள், கொழும்பு ஸ்டைல் என்றார்கள்.

ஜெயித்ததுதான் வினை. தோற்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வருடமும் அதே பிரிவு, அதற்கு அடுத்த வருடமும் அதே பிரிவு. பதினாறு, பதினேழு வயது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள், அவள் மட்டும் நாற்பத்தைந்து கிலோவிலேயே நின்றாள். மேல் பிரிவில் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள், இவளுக்கு இங்கேதான் இடம் என்றார் மாஸ்டர். கல்விக் கந்தோரில் இருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதிபர் எல்லாக் கூட்டத்திலும் அவளை மேடையேற்றினார். அம்மா மட்டும் ஒருநாள் என்னைத் தேடி வந்து, ராத்திரிச் சோத்தைப் பானையில் போட்டு மூடி வைத்தால் காலையில் அப்படியே இருக்கிறது டீச்சர் என்றார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மேசையருகில் நின்றாள். “டீச்சர், எனக்கு ஏழு மாசமா வரலைங்க. பீலிக்கரையில என்னென்னமோ பேசுறாங்க” என்றாள். லயத்துப் பெண்கள் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் கூடும் இடம் பீலி. யார் வீட்டுத் துணி காய்கிறது, யார் வீட்டுத் துணி காயவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று கதை கட்டிவிட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவளைப் பார்த்து. நான் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தயக்கமே இல்லாமல், கடுமையாகப் பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்கு அப்படித்தான், போட்டிக் காலத்தில் அது ஒரு வசதி என்றார். அவருக்கு யாரோ ஒரு பயிற்சிப் பட்டறையில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? பத்தாம் வகுப்புக்குத் திரிகோண கணிதம் நடத்தப் போனேன். அந்தப் பிள்ளையை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போக நுவரெலியா வரை ஒரு பஸ் போதும். அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

மூன்றாவது வருடம், மெடலுக்கு இல்லை, போட்டிக்கும் இல்லை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவள் முதுகெலும்பு முறிந்தது. தூக்கியது கூடப் பெரிய எடை இல்லை. கீழே விழவில்லை, இரும்பை மெதுவாக வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொண்டாள். கண்டியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், பிள்ளைக்கு எத்தனை வயது என்று இரண்டு தடவை கேட்டாராம். இது அறுபது வயதுக்காரியின் எலும்பு என்றாராம். இனி பாரம் தூக்கக் கூடாது, பிள்ளை பெறுவதும் கஷ்டம் என்று சொல்லியனுப்பினார். கூடை தூக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அம்மா ஆசைப்பட்டார். அது மட்டும் நடந்தது.

மாஸ்டர் பழங்கள் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனார். வாசலில் நின்று அழுதார் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. அடுத்த தவணையில் மாற்றலாகிப் போனார். எங்கள் பாடசாலைச் சுவரில் அவள் பெயர் தங்க எழுத்தில் இரண்டு வரியில் இருக்கிறது, மூன்றாம் வருடத்துக்கு வரி இல்லை. யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. மாஸ்டரைச் சொன்னால் அவரைப் பாராட்டியவர்களைச் சொல்ல வேண்டும். அவர்களைச் சொன்னால் கைதட்டிய என்னையும் சொல்ல வேண்டும். டிவியில் போட்டிகள் வரும்போது மெலிந்த பெண் பிள்ளைகள் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் மெடலைப் பார்ப்பதில்லை, உதட்டைப் பார்ப்பேன், வெடித்திருக்கிறதா என்று. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், ஒரு விளையாட்டைக் கூட நிம்மதியாகப் பார்க்க விடமாட்டாய் என்று.

போன மாதம், முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் வாங்க மேற்கணக்குப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அன்று அங்கே கிளினிக். கூரை வளையில் இருந்து தொங்கும் வட்டத் தராசு, அதன் கொக்கியில் ஒரு துணித் தூளி, ஒவ்வொரு குழந்தையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் மிட்வைஃப் மிஸ். எடை குறைந்தால் அவர் வாயில் இருந்து தப்ப முடியாது. அதனால் எங்கள் பெண்கள் கெட்டிக்காரிகள். வரிசையில் நிற்கும்போதே பால் கொடுப்பார்கள், கம்பளிச் சட்டை, தொப்பி, கொலுசு எல்லாம் போட்டுத்தான் ஏற்றுவார்கள். மிஸ்ஸும் பாதியைத்தான் கழற்றச் சொல்வார்.

வரிசையில் ஒரு பெண் மட்டும் தன் குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். இரண்டு கை வளையலையும் உருவினாள், அரைஞாணை அவிழ்த்தாள். குளிருது, பிள்ளைக்கு வளையலாவது இருக்கட்டும் என்று மிஸ் சிரித்தார். அவள் காதில் வாங்கவில்லை. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன. முதுகில் பட்டி கட்டியிருந்தாள், குனியாமல் முழங்காலை மடித்துத்தான் குழந்தையைத் தூக்கினாள். தலைமுடி தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. நிமிர்ந்தபோது என்னைக் கண்டாள். கல்யாணம் முடிந்து, பஸாரில் தையல் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குழந்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. நாலு மாசம், பொம்பளப் புள்ள, சின்னதாப் பிறந்துச்சு என்றாள். ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்து பெற்றாளாம்.

எனக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது, சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்குள் அவள் முறை வந்தது. குழந்தையைத் தூளியில் வைத்தாள், கையை எடுத்தாள், சட்டென்று முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க பாருங்க டீச்சர்.”

முள் ஆடி ஆடி நின்றது. நான் அதைப் பார்த்தேன், அட்டையில் போன மாதப் புள்ளியைப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், இரண்டாம் தடவையும் கழித்துப் பார்த்தேன்.

“கூடியிருக்கு” என்றேன். “அறுநூறு கிராம்.”

அவள் தோள் இறுகியது. எடை கூடினால் ஓடிப் பழகிய அவள் உடம்புக்கு அந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு மெதுவாகத் திரும்பி, தூளியில் காலை உதைத்துக்கொண்டிருந்த குழந்தையையும் தன் கையில் இருந்த வளையல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சட்டை இல்ல, வளையலு இல்ல, அரைஞாணும் இல்ல” என்றாள். “அப்ப முழுசும் இவதானே டீச்சர்?”

“முழுசும் அவதான்” என்றேன்.